முன்களம், தெய்வம், கோளாறு: பெருந்தொற்றுக்கால மருத்துவப் பணியாளரின் மனவடுவும் தமிழ்ச் சொல்லாடலும் (கோவையை முன்வைத்து ஒரு திறனாய்வு)

ஆய்வுச் சுருக்கம்

கோவிட்-19 பெருந்தொற்றின்போது நோயாளிக்கு அருகில் நின்று பணியாற்றிய மருத்துவர், செவிலியர், தூய்மைப் பணியாளர் ஆகியோர் அடைந்த உளப் பாதிப்பு, பெரும்பாலும் மருத்துவப் புள்ளிவிவரமாகவே பேசப்பட்டு வருகிறது. அப்பாதிப்பைக் குறிக்கவும் அப்பணியாளரை அழைக்கவும் தமிழ்ப் பொதுவெளி கையாண்ட சொற்களைத் திறனாய்வு நோக்கில் ஆராய்கிறது இக்கட்டுரை. ‘முன்களப் பணியாளர்’ என்னும் போர்ப்பெயர், ‘வெள்ளுடைத் தேவதை’ என்னும் தெய்வப்பெயர், ‘அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு’ என்னும் நோய்ப்பெயர் ஆகிய மூன்றும் பணியாளரை அவர் நின்ற இடத்திலிருந்து பெயர்த்துவிடுகின்றன என்பது இதன் கருதுகோள். அவ்விடம் நோயாளியின் பக்கம். திருக்குறளின் மருந்து அதிகாரம் காட்டும் ‘உழைச்செல்வான்’ என்னும் கருத்தாக்கம் அவ்விடத்தை மீட்டெடுக்க உதவும் என்பதும், அதற்கும் ஒரு போதாமை உண்டு என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: பெருந்தொற்று, மனவடு, மருத்துவப் பணியாளர், சொல்லாடல், உழைச்செல்வான், கோவை.

முன்னுரை

கோவை அவினாசி சாலையில் பீளமேட்டை ஒட்டிய சில கிலோமீட்டர் பரப்பு, கொங்கு நாட்டின் மருத்துவ மையம் எனத் தக்கது. 1966இல் தொடங்கப்பட்ட கோவை மருத்துவக் கல்லூரியும், 1985இல் தொடங்கப்பட்ட பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரியும் இங்கு அமைந்துள்ளன. இதற்குத் தெற்கே, சிங்காநல்லூரை அடுத்த வரதராஜபுரத்தில், ஆலைத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென இயங்கிவந்த இ.எஸ்.ஐ. மருத்துவமனை உள்ளது. 2020இல் அது கோவிட் சிகிச்சைக்கான தனி மருத்துவமனையாக மாற்றப்பட்டது. தொடக்க மாதங்களில் திருப்பூர், நீலகிரி மாவட்டங்களின் நோயாளிகளும் அங்கேயே கொண்டுவரப்பட்டனர்.

இரண்டாம் அலையின் உச்சத்தில், 2021 மே மாத இறுதியில், நாள்தோறும் பதிவான புதிய தொற்றுகளின் எண்ணிக்கையில் கோவை மாவட்டம் சென்னையை முந்தியது. ஒரே நாளில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட தொற்றுகள் பதிவாயின. அம்மாதம் 30ஆம் நாள் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் முழுக் கவச உடை அணிந்து இ.எஸ்.ஐ. மருத்துவமனையின் கோவிட் வார்டுக்குள் சென்றார். அக்காட்சி தமிழ் ஊடகங்கள் அனைத்திலும் இடம்பெற்றது. ஆட்சித் தலைவர் ஒருவர் வார்டுக்குள் செல்வது செய்தியாகும் அளவுக்கு அவ்விடம் அச்சத்துக்குரியதாக இருந்தது என்பதையும் அச்செய்தி உணர்த்தியது. அதே உடையில், அதே இடத்தில், மாதக்கணக்கில் பணிமுறை மாறி மாறி நின்றவர்களின் உள்ளத்தில் என்ன நிகழ்ந்தது என்பதைத் தமிழ் எந்தச் சொற்களால் பேசியது? அச்சொற்கள் எதைக் காட்டின, எதை மறைத்தன? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்கிறது இக்கட்டுரை.

போர்ப்பெயர்

பெருந்தொற்றுக்காலத் தமிழில் மிகப் பரவலாக வழங்கிய பெயர் ‘முன்களப் பணியாளர்’ என்பது. ‘முன்களம்’ போர்க்களத்தின் முன்வரிசை. ‘கொரோனா போராளிகள்’, ‘கொரோனாவுக்கு எதிரான போர்’, ‘நோயை வெல்வோம்’ முதலான தொடர்கள் இதன் சுற்றத்தவை. நோயாளியைத் தொடுபவர் அணிந்த ஆடையும் ‘கவசம்’ ஆயிற்று. தமிழில் ‘கவசம்’ போர்வீரன் மார்பிலும் உண்டு, பக்தன் ஓதும் பாட்டிலும் உண்டு. போர்ப்பெயரும் தெய்வப்பெயரும் சந்திக்கும் சொல்லாக அது அமைந்தது.

போர் உருவகத்துக்குப் பயன் இல்லாமல் இல்லை. ‘முன்களம்’ என்பது நிர்வாக வகைப்பாடாக மாறியதால் உரிமைகள் சில கிடைத்தன. 2021 ஜனவரி 16 அன்று தொடங்கிய தடுப்பூசித் திட்டத்தில் மருத்துவப் பணியாளருக்கே முதலிடம் தரப்பட்டது. ஒன்றிய அரசு 50 இலட்ச ரூபாய்க் காப்பீட்டை அறிவித்தது. தமிழ்நாடு அரசு 2021 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதங்களுக்கு மருத்துவருக்கு 30,000 ரூபாய், செவிலியருக்கு 20,000 ரூபாய், பிற பணியாளருக்கு 15,000 ரூபாய் என ஊக்கத்தொகை அறிவித்தது. பெயர் பயன்தரும் இடம் இது.

ஆனால் இவ்வுதவிகளின் அமைப்பைக் கூர்ந்து நோக்கினால் உருவகத்தின் எல்லை புலப்படும். காப்பீடு உயிரிழப்புக்கு உரியது. ஊக்கத்தொகை களத்தில் நிற்பதற்கு உரியது. வீழ்ந்த வீரருக்கும் நிற்கும் வீரருக்கும் மதிப்பளிக்கும் இம்முறையில், களத்திலிருந்து உயிருடன் திரும்பி உறங்க முடியாதவருக்கு இடம் இல்லை. வீரருக்குரிய பண்பு அஞ்சாமை. ஒருவரை வீரர் என அழைத்தபின் அவர் ‘அஞ்சினேன்’ என்று சொல்வது தனக்குத் தரப்பட்ட பெயரை மறுப்பதாகிவிடுகிறது. 2020 மார்ச் 22 மாலை நாடெங்கும் எழுந்த கைதட்டலும், மே 3 அன்று மருத்துவமனைகள்மீது படை வானூர்திகள் தூவிய மலரும் நன்றியின் வெளிப்பாடுகளே. எனினும் வீரவணக்கத்துக்குரிய அச்சடங்குகளில் வணங்கப்படுபவர் தம் துயரைச் சொல்வதற்கான தருணம் இடம்பெறவில்லை.

இங்குத் தமிழ்ப் போர்க்கவிதை மரபே ஒரு மறுப்பைத் தருகிறது. புறநானூற்றின் 281ஆம் பாடலில் அரிசில் கிழார் காட்டுவது போர்க்களம் அன்று. புண்பட்ட வீரன் கிடக்கும் மனை. இரவமும் வேம்பும் மனையில் செருகப்படுகின்றன, வெண்சிறுகடுகு தூவப்படுகிறது, இசைக்கருவிகள் ஒலிக்கின்றன, காஞ்சிப்பண் பாடப்படுகிறது. இவற்றைச் செய்வோர் போரிட்டவர் அல்லர். புண்பட்டவனின் அருகிருந்து காப்பவர். போர் செய்பவரும் புண் காப்பவரும் வெவ்வேறானவர் என்பதைச் சங்க மரபு தெளிவாக அறிந்திருந்தது. காப்பவரை வெட்சி, தும்பை வீரருடன் ஒன்றாக்காமல், நிலையாமை பேசும் காஞ்சியில் வைத்துப் பாடியது இப்பாடல். மருத்துவப் பணியாளரைப் ‘போராளி’ என்னும் இக்கால வழக்கு இவ்வேறுபாட்டை அழித்துவிடுகிறது. பணியாளருக்குப் போரிடும் எதிரி என எவரும் இல்லை. அவர் முன் இருப்பவர் மூச்சுத் திணறும் ஒருவர் மட்டுமே.

தெய்வப்பெயர்

கொள்ளைநோய்க்குத் தெய்வப்பெயர் சூட்டுவது கோவைக்குப் புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நகரைப் பிளேக் பலமுறை தாக்கியது. 1901இல் 53,080ஆக இருந்த நகர மக்கள்தொகை 1911இல் 47,007ஆகக் குறைந்தது. பிளேக்கும் அதற்கஞ்சி மக்கள் வெளியேறியதும் இச்சரிவோடு சேர்த்து எண்ணப்படுபவை. அக்கால நினைவாகக் கோவைப் பகுதியில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் உள்ளன. 2021 மே மாதத்தில், பீளமேட்டிலிருந்து தொலைவில் இல்லாத இருகூரில், காமாட்சிபுரி ஆதீனம் கொரோனா தேவிக்குச் சிலை நிறுவி வழிபாடு நடத்தியது. ஒரு நூற்றாண்டு இடைவெளியில் ஒரே வட்டாரம் ஒரே முறையில் எதிர்வினை ஆற்றியிருக்கிறது.

இதனை மூடநம்பிக்கை எனத் தள்ளுவது எளிது. ஆய்வுக்கு அது போதாது. அம்மை வழிபாட்டில் நோயாளியை மட்டுமன்றி அவரைப் பேணுபவரையும் உள்ளடக்கிய ஓர் ஒழுங்கு இருந்தது. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகப்படும்; தாளிப்பு நிறுத்தப்படும்; வெளியார் வருகை தவிர்க்கப்படும்; பேணுபவரும் நோன்பில் இருப்பார். நோய் இறங்கியதும் தலைக்குத் தண்ணீர் ஊற்றப்படும். அத்தண்ணீரோடு நோய்க்காலம் முடிந்தது என்பதை வீடும் தெருவும் அறியும். மருத்துவப் பயன் எவ்வாறாயினும், பேணுபவரின் காலத்துக்கு ஒரு முடிவை அறிவிக்கும் சடங்கு அது. நோயைத் தெய்வமாக்கிய இம்மரபு பேணுபவரை மனிதராகவே வைத்திருந்தது. அவருக்கு அச்சமும் களைப்பும் உண்டு என்பதை ஏற்றே நோன்பும் விலக்கும் வகுக்கப்பட்டன எனலாம்.

பெருந்தொற்றுக்காலப் பொதுவெளியில் இது தலைகீழாயிற்று. தெய்வப்பெயர் பேணுபவருக்குச் சூட்டப்பட்டது. ‘கடவுளின் மறுவடிவம்’, ‘வெள்ளுடைத் தேவதை’ என்பன செய்தித்தாள்களிலும் பாராட்டுச் சுவரொட்டிகளிலும் நிறைந்தன. தெய்வத்துக்கு ஊதியம் இல்லை, விடுப்பு இல்லை, உறக்கம் இல்லை. ‘தேவதை’ என்னும் பெயர் பெரும்பாலும் பெண் செவிலியருக்கே தரப்பட்டதையும் கருத வேண்டும். பொறுமையும் தியாகமும் பெண்ணியல்பு என்னும் பழைய கருத்தே இங்குப் பணிவரையறையாக மாறியது. மருத்துவமனையில் பேணியபின் வீட்டிலும் பேணவேண்டிய இரட்டைச் சுமையை அப்பெயர் மறைத்தது.

வணங்கப்பட்டவர்களே விலக்கவும்பட்டனர் என்பது இச்சொல்லாடலின் முரண். 2020 மார்ச் மாதத்திலேயே நாட்டின் பல நகரங்களில் மருத்துவப் பணியாளர் வாடகை வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்ட செய்திகள் வந்தன. தொற்றால் உயிரிழந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலஸின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்யச் சென்றவர்கள் ஏப்ரல் 19 அன்று இரவு கல்லெறிக்கு உள்ளாயினர். ஆம்புலன்ஸ் ஊழியர்கள் காயமுற்றனர். பின்னர் உடன்பணியாற்றிய மருத்துவர் ஒருவரே மண்வெட்டி பிடித்து அடக்கத்தை முடிக்க நேர்ந்தது. இதன் பின்னர், ஏப்ரல் 22 அன்று, 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டத்தைத் திருத்தும் அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டு, மருத்துவப் பணியாளர்மீதான வன்முறைக்குக் கடும் தண்டனை வகுக்கப்பட்டது. பம்பாய்ப் பிளேக்கின்போது பிறந்த சட்டம், பணியாளரை மக்களிடமிருந்து காக்க 123 ஆண்டுகளுக்குப் பின் திருத்தப்பட்டது. சட்டம் கல்லெறிந்தவரைத் தண்டிக்கும். கல்லெறியப்பட்ட நினைவோடு மறுநாள் பணிக்குத் திரும்பியவரைப் பற்றி அது பேசுவதில்லை.

தூய்மைப் பணியாளரின் நிலை மேலும் சிக்கலானது. கோவை உள்ளிட்ட கொங்குப் பகுதியில் இப்பணியில் உள்ளோரில் பெரும்பான்மையினர் அருந்ததியர். துப்புரவுப் பணியாளர் ‘தூய்மைப் பணியாளர்’ எனப் பெயர் மாற்றப்பட்டதும் 2020இல்தான். அவர்களுக்கு மாலை அணிவித்துக் கால் கழுவிய நிகழ்ச்சிகளும் நடந்தன. தலைமுறை தலைமுறையாகத் தீட்டின் பெயரால் விலக்கப்பட்டவர்களுக்குத் தொற்றின் பெயரால் மீண்டும் ஒரு விலக்கு நேர்ந்தபோது, அவர்களின் மனவடுவைப் பெருந்தொற்றின் விளைவு என மட்டும் கணக்கிடுவது வரலாற்றைத் துண்டிப்பதாகும்.

நோய்ப்பெயர்

‘அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு’ என்னும் தொடர் ஆங்கிலத் தொடரின் சொல்லுக்குச் சொல்லான ஆக்கம். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்வகைப்பாட்டுக் கையேட்டில் 1980ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் இப்பெயர் முதன்முதலாக இடம்பெற்றது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படைவீரரின் நிலையே அதற்கு முதன்மைத் தூண்டுதல். அதற்கு முன், முதல் உலகப் போர்க்காலத்தில், 1915இல் சார்லஸ் மையர்ஸ் ‘எறிகுண்டு அதிர்ச்சி’ என்னும் பொருள்படும் சொல்லை மருத்துவ இதழில் பயன்படுத்தினார். எனவே இந்நோய்ப்பெயர் போரிலிருந்தே பிறந்தது. போர்ப்பெயரை மறுத்து நோய்ப்பெயரை ஏற்பவரும் ஒரு போர்வீரரின் வாழ்வமைப்பையே மாதிரியாக ஏற்கின்றனர்: களம் தொலைவில் உள்ளது, வீரர் திரும்பி வருகிறார், அதன்பின் நோய் தோன்றுகிறது. கோவைச் செவிலியர் ஒவ்வொரு பணிமுறைக்குப் பின்னும் வீடு அல்லது தங்குமிடம் திரும்பி, மீண்டும் அதே வார்டுக்குச் சென்றார். அவருக்குக் களமும் வீடும் ஒரே நகரில் இருந்தன.

தமிழ்த் தொடரின் மூன்று உறுப்புகளும் ஆராயத்தக்கவை. ‘அழுத்தம்’ வெளியிலிருந்து வருவது. அழுத்துவது எது என்பதை அத்தொடர் சொல்லாமல் விடுகிறது. ‘கோளாறு’ பேச்சுத் தமிழில் மோட்டாருக்கும் வயிற்றுக்கும் வருவது. பழுது ஒருவருக்குள் இருக்கிறது என்னும் குறிப்பு அதில் உண்டு. இவற்றுக்கு மாறாக மக்கள் வழக்கில் உள்ள ‘உளைச்சல்’ உடலிலிருந்து கிளைத்த சொல். ‘கைகால் உளைச்சல்’, ‘வயிற்றுளைச்சல்’ என்னும் வழக்குகளின் தொடர்ச்சியே ‘மன உளைச்சல்’. உடலையும் மனத்தையும் பிரிக்காமல் வலியைச் சொல்ல அது இடம் தருகிறது. ஈழத்து உளமருத்துவ எழுத்தில் வழங்கும் ‘மனவடு’ மற்றொரு வளமான சொல். வடு நோயன்று, ஆறிய புண்ணின் அடையாளம். அது காயத்தை ஏற்படுத்திய வரலாற்றையும் உடன் சுமக்கிறது. போரின் உளவிளைவுகளை ஆராய்ந்த தயா சோமசுந்தரம், தனிமனிதரின் நோயாக மட்டும் பார்க்காமல் குடும்பம், ஊர் எனக் கூட்டு நிலையிலும் இப்பாதிப்பைக் காணவேண்டும் என வலியுறுத்தியதும் இங்கு நினைவுகூரத்தக்கது. இக்கட்டுரை ‘மனவடு’ என்னும் சொல்லையே தேர்ந்ததற்கு இவையே காரணம்.

கலைச்சொல்லின் சிக்கல் அளவீட்டிலும் தொடர்கிறது. பெருந்தொற்றின் தொடக்கத்தில் உலகெங்கும் எடுத்தாளப்பட்ட ஆய்வு, சீனாவின் 34 மருத்துவமனைகளைச் சேர்ந்த 1,257 பணியாளரிடம் 2020 ஜனவரி இறுதியிலும் பிப்ரவரி தொடக்கத்திலும் நடத்தப்பட்டது. அதில் 71.5 விழுக்காட்டினர் உளத்துயர் அறிகுறிகளைத் தெரிவித்தனர். இதற்குப் பயன்பட்ட அளவுகோல் 22 கூற்றுகள் கொண்டது. கடந்த ஏழு நாள்களில் ஒரு நிகழ்வு எந்த அளவுக்குத் தொந்தரவு தந்தது எனக் கேட்பது. இங்கு இரண்டு வரம்புகள் உள்ளன. முதலாவது, நிகழ்வு முடிந்துவிட்டது என்னும் அனுமானம். ஊகான் நகரம் முடக்கப்பட்டுச் சில நாள்களே ஆன நிலையில் அளக்கப்பட்டது நடந்துகொண்டிருக்கும் துயரே. அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கவேண்டும் என்பது நோயறிதலின் நிபந்தனை. ஆகவே அவ்விழுக்காட்டை இந்நோயின் பரவலாகக் கொள்வது பிழை. இரண்டாவது, அந்த 1,257 பேரில் 493 பேர் மருத்துவர், 764 பேர் செவிலியர். கூட்டினால் கணக்கு நிறைவடைகிறது. வார்டைக் கழுவியவர், உடலைப் பொதிந்தவர், ஆம்புலன்ஸ் ஓட்டியவர் அக்கணக்கில் இல்லை.

2013ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்புக் கையேடு, பணியின் பொருட்டு மனித உடல் எச்சங்களைத் திரும்பத் திரும்பக் கையாள நேர்வோரையும் அதிர்ச்சிக்கு ஆளானோராக ஏற்கிறது. பிணவறைப் பணியாளரும் எரிமேடைப் பணியாளரும் அவ்வரையறையோடு ஒப்பிட்டு எண்ணத்தக்கவர்கள். அளவுகோலில் குறை இருப்பதைவிட, அதை யாரிடம் கொண்டுசெல்வது எனத் தேர்வதில் உள்ள குறை பெரிது. கற்றோர் நடையில் மொழிபெயர்க்கப்பட்ட கூற்றுகளை எழுத்தறிவு குறைந்த பணியாளரிடம் வாசித்துக் காட்டி விடைபெறும்போது, அளக்கப்படுவது துயரா, மொழித் தொலைவா என்னும் ஐயமும் எழுகிறது.

‘பிந்தைய’ என்னும் காலம்

மூன்று பெயர்களிலும் நோய்ப்பெயர் மட்டுமே காலத்தைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் ‘பிந்தைய’ என்னும் நிலை தானாக வருவதன்று. அதைச் சமூகம் அறிவிக்க வேண்டும். தமிழ் இறப்புச் சடங்குகள் இவ்வறிவிப்பைச் செய்கின்றன. குளிப்பாட்டல், கோடி போர்த்தல், வாய்க்கரிசி, ஒப்பாரி, பதினாறாம் நாள் காரியம் என அவை துயருக்கு உருவமும் எல்லையும் தருகின்றன. 2020 மார்ச்சில் ஒன்றிய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல், உடலைக் குளிப்பாட்டுவதையும் தொடுவதையும் தடுத்தது. பையின் முகப்பைத் திறந்து முகம் காட்ட மட்டும் இசைந்தது. உறவினர் செய்யவேண்டிய இறுதிப் பணிகள் மருத்துவமனைப் பணியாளரின் கைக்கு வந்தன. கைபேசியில் கடைசி முகத்தைக் காட்டியவரும், பையை மூடியவரும் அவர்களே. உறவினரின் இடத்தில் நின்றவருக்கு உறவினருக்குரிய அழுகை உரிமை இல்லை. பதினாறாம் நாளும் இல்லை. அடுத்த படுக்கை காத்திருந்தது.

இந்நிலையை விளக்க ‘அறக்காயம்’ என்னும் கருத்தாக்கம் உதவும். ஜொனாதன் ஷே 1994இல் வெளியிட்ட நூலில் படைவீரரை முன்னிட்டு முன்வைத்த இக்கருத்தை, 2020இல் நீல் கிரீன்பெர்க் முதலானோர் மருத்துவப் பணியாளருக்குப் பொருத்திக் காட்டினர். ஒருவர் தம் அறவுணர்வுக்கு மாறாகச் செயல்படவோ செயல்படாமலிருக்கவோ நேரும்போது ஏற்படும் காயம் அது. ஆக்சிஜன் படுக்கை ஒன்றுக்குப் பலர் காத்திருந்த 2021 மே மாதச் சூழலில் அச்சத்தைவிடக் குற்றவுணர்வே ஆழமாகத் தங்கியிருக்க வாய்ப்பு மிகுதி. அச்சத்துக்கு மருந்து தரலாம். குற்றவுணர்வு கேட்பவரைத் தேடுவது.

காலம் கடந்தும் பாதிப்பு நீடிக்கும் என்பதற்கு முன்சான்று உண்டு. 2003ஆம் ஆண்டின் சார்ஸ் தொற்றுக்குப்பின், 13 முதல் 26 மாதங்கள் கழித்து, கனடாவில் ராபர்ட் மாண்டரும் உடனாய்வாளரும் 769 பணியாளரை ஆராய்ந்தனர். சார்ஸ் நோயாளிகளைப் பேணிய டொராண்டோ மருத்துவமனைகளின் பணியாளரிடம், பேணாத ஹாமில்டன் மருத்துவமனைகளின் பணியாளரைவிடப் பணிச்சோர்வும் உளத்துயரும் மிகுந்திருந்தன. பயிற்சி, பாதுகாப்பு, மனத்துணை ஆகியன போதிய அளவு கிடைத்தன என்னும் உணர்வு இவ்விளைவுகளோடு தொடர்புடையதாக இருந்தது என்பதே அவ்வாய்வின் முக்கிய முடிவு. பாதிப்பின் காரணி பணியாளரின் மனவலிமையில் மட்டும் இல்லை. நிறுவனம் அவரை எவ்வாறு நடத்தியது என்பதிலும் உள்ளது.

இம்முடிவைத் தமிழ்நாட்டுச் சூழலோடு பொருத்திப் பார்க்க வேண்டும். பெருந்தொற்றின்போது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின்வழி ஒப்பந்த முறையில் அமர்த்தப்பட்ட செவிலியரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31உடன் நீட்டிக்கப்படாமல் நின்றது. அவர்கள் 2023 ஜனவரியில் போராட்டத்தில் இறங்கினர். அவர்களுக்குப் ‘பிந்தைய’ காலம் ஓர் அரசாணையின் வடிவில் வந்தது. ‘முன்களம்’ கலைக்கப்பட்டதும் ‘தேவதை’ வேலையிழந்தவரானார். மனவடுவின் மருத்துவ ஆய்வு இப்பொருளியல் நிகழ்வைப் புறக்காரணி என ஒதுக்கினால் அது முழுமையாகாது.

‘உழை’ என்னும் இடம்

திருக்குறளின் 95ஆம் அதிகாரமான ‘மருந்து’, தன் இறுதிக் குறளில் (950) மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு நான்காவதாக ‘உழைச்செல்வான்’ வைக்கப்படுகிறார். ‘உழை’ என்பது பக்கம், அண்மை. அருகில் சென்று செயல்படுபவர் என்பது இச்சொல்லின் பொருள். அவரை வீரம், தெய்வம், நோய் ஆகிய எதனாலும் குறிக்காமல், நிற்கும் இடத்தால் குறிக்கிறது வள்ளுவம். போர்ப்பெயர் அவரை முன்னே நிறுத்தியது. தெய்வப்பெயர் மேலே ஏற்றியது. நோய்ப்பெயர் துயரை அவருக்குள் அடைத்தது. ‘உழை’ அவரை நோயாளியின் பக்கத்தில் வைக்கிறது. பெருந்தொற்றுக்கால மனவடுவின் தோற்றுவாயும் இவ்வண்மையே. அருகில் சென்றதால் தொற்று. அருகில் சென்றதால் விலக்கு. அருகில் இருந்தும் காப்பாற்ற இயலாததால் குற்றவுணர்வு. மருத்துவர், செவிலியர், தூய்மைப் பணியாளர் என்னும் படிநிலையையும் இக்கருத்தாக்கம் தளர்த்துகிறது. எவர் எவ்வளவு அருகில், எவ்வளவு காலம் நின்றார் என்பதே அளவையாகிறது.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். ‘உழைச்செல்வான்’ ஆண்பால் ஈறு கொண்ட, வழக்கிறந்த சொல் என்பது ஒன்று. இங்கு அச்சொல்லை நடைமுறைப் பெயராக்கப் பரிந்துரைக்கவில்லை; அதன் கருத்து மட்டுமே எடுத்தாளப்படுகிறது. மற்றொரு மறுப்பு வலுவானது. பரிமேலழகர் உரை நான்கு கூறுகளுக்கும் நந்நான்கு வகை கூறி, உழைச்செல்வானிடம் நோயாளிமாட்டு அன்பு முதலானவற்றை எதிர்பார்க்கிறது. பேணுபவர் எத்தகையவராக இருக்கவேண்டும் என்பது சொல்லப்படுகிறது. பேணுபவருக்கு நேரும் துன்பத்தை எவர் ஏற்பது என்பது சொல்லப்படவில்லை. மரபு இடத்தைத் தந்தது, உரிமையைத் தரவில்லை. அவ்வுரிமையை இக்காலச் சட்டத்தில்தான் தேடவேண்டும்.

அங்கும் ஒரு வெற்றிடம் உள்ளது. 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம் தன் மூன்றாம் அட்டவணையில், மருத்துவமனை, ஆய்வகம் போன்ற இடங்களில் பணியின் பொருட்டு ஏற்படும் தொற்றைத் தொழில்வழி நோயாக ஏற்றது. ஆனால் பணியின் பொருட்டு ஏற்படும் மனவடு அவ்வட்டவணையில் இருக்கவில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்திய தொழில்வழி நோய்ப் பட்டியலிலோ இக்கோளாறு பெயர் சுட்டியே சேர்க்கப்பட்டுள்ளது. தொழிலாளரின் பணிக்காயத்தைக் கணக்கில் கொள்ளவே இயற்றப்பட்டது அச்சட்டம். அதன் பெயரால் இயங்கும் மருத்துவமனையே கோவையின் கோவிட் சுமையைத் தாங்கியது. அங்குப் பணியாற்றியவரின் உளக்காயத்தை அச்சட்டத்தின் அட்டவணை பெயர் சொல்லவில்லை என்பது இச்சிக்கலைத் தெளிவாக்குகிறது.

முடிவுரை

போர்ப்பெயர், தெய்வப்பெயர், நோய்ப்பெயர் ஆகிய மூன்றும் நன்மதிப்பிலிருந்தோ அறிவியல் தேவையிலிருந்தோ எழுந்தவையே. எனினும் முதலிரண்டும் பணியாளர் தம் துயரைச் சொல்லும் வாய்ப்பைக் குறைத்தன. மூன்றாவது சொல்ல இடம் தந்தாலும் காரணத்தைத் தனிமனிதருக்குள் சுருக்கியது. 2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 14416 தொலைபேசி வழி மனநலச் சேவைக்கு ‘நட்புடன் உங்களோடு’ எனப் பெயரிட்டது. ‘ஓடு’ என்னும் உருபு அண்மையைச் சுட்டுவது. பெயரிடலில் ஏற்பட்ட நல்ல மாற்றம் இது. ஆயினும் துயருற்றவரே அழைக்கவேண்டும் என்னும் அமைப்பில், அழைக்கக் கூச்சப்படும் ‘வீரரும்’ ‘தேவதையும்’ வெளியே நிற்கும் வாய்ப்பு உள்ளது.

இத்திறனாய்விலிருந்து ஆய்வுலகின்முன் நான்கு பணிகள் எழுகின்றன. கோவை இ.எஸ்.ஐ. போன்ற தனிக் கோவிட் மருத்துவமனைகளில் பணியாற்றியவரை ஆண்டுகள் கடந்தும் தொடர்ந்து ஆராய்தல். தூய்மை, பிணவறை, ஆம்புலன்ஸ், எரிமேடைப் பணியாளரை அவ்வாய்வுகளில் சேர்த்தல். ‘உளைச்சல்’ முதலான மக்கள் வழக்குச் சொற்களைக்கொண்டு வினாநிரல்களைப் பணியாளருடன் கலந்து உருவாக்குதல். அவர்களின் வாய்மொழி வரலாற்றைத் தமிழியல் துறைகள் தொகுத்தல். இவற்றுள் இறுதிப் பணி தமிழாய்வாளருக்கே உரியது. பிளேக் காலக் கோவையில் அம்மனுக்குக் கோயில் எழுந்தது. நோயாளியின் அருகில் நின்றவர் சொன்னது எதுவும் மக்கள் நினைவில் அவ்வாறு நிலைபெறவில்லை. கோவிட் காலத்தில் அருகில் நின்றவர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் சொற்களிலேயே அக்காலத்தைப் பதிவு செய்வதற்கான வாய்ப்பும் இன்னும் உள்ளது.